காய்ச்சலும் மழையுமாக வெள்ளியங்கிரி ஏறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடா வருடம் பங்குனி, சித்திரையில் எங்கள் பகுதியிலிருந்து முப்பது, நாற்பது பேராக வெள்ளியங்கிரி ஏறுவோம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, தொண்டை கரகரன்னு இருக்கு, வரட்டுமா?", "மழை வரும்ங்கறாங்களே, போலாமா வேண்டாமா?", "ரெண்டு நாளா காய்ச்சல், இப்ப பரவாயில்லை, மாத்திரை போட்டுட்டு ஏறிடறேன்". ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடம்பைப் பற்றி இதில் இருப்பதெல்லாம் எங்களோடு ஏறுகிற, ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. மலையைப் பற்றி இருப்பது ஏறி ஏறித் தெரிந்துகொண்டது. ஒரு வருடம் காய்ச்சலோடு மழையில் ஏறி நான் பட்ட பாடும் இதில் உண்டு.

முதல்முறை வருகிறேன். மலை எப்படி இருக்கும்?

கோவையிலிருந்து மேற்கே பூண்டி வரை பஸ்ஸிலோ வண்டியிலோ வரலாம். அங்கேயிருந்து நடைதான். ஏழு மலை. ஒரு வழிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் என்பார்கள். கேட்க ஒன்றுமில்லாத தூரம் மாதிரி இருக்கும். ஆனால் நல்ல உடம்புக்காரருக்கே ஏற நாலு மணி நேரம் முதல் ஆறு மணி நேரம் வரை ஆகும். முதல் மலை செங்குத்தான கல்படிகள். எடுத்த எடுப்பிலேயே மூச்சு வாங்கும். அடுத்த இரண்டும் பெரும்பாலும் படிதான். அதற்கு மேல் மண்பாதை, புல்வெளி, திறந்த வெளி. ஆறாவது மலையில் ஆண்டி சுனை. ஏழாவது கிரிமலை, அங்கேதான் ஆண்டவர் சுயம்புவாக இருக்கிறார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் இரவில்தான் ஏறுவார்கள்.

உடம்பு சரியில்லாமல் ஏற நினைப்பவர் இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் மலைகளில் மரநிழல் உண்டு, காற்று தடைபடும், திரும்ப நினைத்தால் கொஞ்ச நேரத்தில் பூண்டி வந்துவிடலாம். ஐந்தாவது தாண்டிவிட்டால் ஒதுங்க மரமும் இல்லை, இறங்குவதற்கு நாலைந்து மலையும் பாக்கி இருக்கும். உடம்பு நம்மைக் கைவிடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மலை திறப்பதே கோடையில்தானே? மழை எங்கிருந்து வரும்?

பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக வனத்துறை அனுமதி தருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வானம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஏப்ரல், மே அப்படியில்லை. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் மேற்கே கருக்கும், இருட்டும் நேரத்துக்கு இடியோடு கோடைமழை பிடித்துக்கொள்ளும். பலரும் ஏற ஆரம்பிக்கிற நேரம் அதுதான். மே கடைசியில் வருபவர்கள் தென்மேற்குப் பருவமழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்குவது 2025இல் மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. கேரள எல்லையை ஒட்டி நிற்கிற மலை இது. அங்கே பருவமழை இறங்கினால் இங்கே காற்றும் சாரலும் உடனே வரும்.

கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கெஞ்சாதீர்கள், வேறு வழி தேடாதீர்கள். யானை நடமாட்டமுள்ள காடு அது. மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நிற்பது பாறையா வேறெதுவா என்றே தெரியாது.

லேசான சளிதான். ஏறலாமா?

அந்த அண்ணன் ஒரு எளிய கணக்கு சொல்வார். தொந்தரவு கழுத்துக்கு மேலேயா, கீழேயா? மூக்கு ஒழுகுகிறது, தும்மல், தொண்டையில் லேசான கரகரப்பு, இவ்வளவுதான் என்றால் மெதுவாக ஏறிப் பார்க்கலாம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இருமினால் நெஞ்சு வலிக்கிறது, மூச்சு இழுக்கிறது, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் ஏறக்கூடாது. காய்ச்சல் இருந்தால் கழுத்துக் கணக்கே வேண்டாம், ஏறக்கூடாது.

காய்ச்சல் என்றால் சும்மா உடம்பு சுடுவது மட்டுமில்லை. உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவுக்குக் கூடும். அதாவது படுத்திருக்கும்போதே இதயம் அதிகப்படி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் முதல் மலைப் படியை ஏற்றினால்? இன்னொன்றும் உண்டு. வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையையே வீங்க வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் கடுமையாக உழைத்தால் துடிப்பு தாறுமாறாகி, இளவயதுக்காரர்கூட நின்ற இடத்தில் விழுந்துவிட வாய்ப்பு இருக்கிறது. எல்லோருக்கும் நடப்பதில்லை. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் காய்ச்சலோடு ஏறாதே என்கிறார்கள்.

காய்ச்சல் விட்டு ஒரே நாள் ஆனவர்களுக்கும் இதே கணக்குதான். மாத்திரை போடாமலே காய்ச்சல் வராமல் சில நாள் போகட்டும். வீட்டில் மாடிப்படி ஏறி இறங்கினால் படபடப்பு இல்லாமல் இருக்கட்டும். அப்புறம் மலையைப் பற்றிப் பேசலாம்.

பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஏறினால் என்ன?

இதைத்தான் நான் செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம். காலையிலிருந்தே உடம்பு அனத்திக்கொண்டிருந்தது. முப்பது பேரைத் திரட்டியவன் நான், நானே வரவில்லை என்று எப்படிச் சொல்வது? பூண்டியில் சாப்பிட்டு, ஒரு மாத்திரை போட்டு, இரவு பத்து மணிக்கு மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் உடம்பு வியர்த்து லேசாகிவிட்டது. "பார்த்தியா, மலையேறினா எல்லாம் சரியாகிடும்" என்று மச்சானிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது மலை வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்குகிறது, நோயை இல்லை. நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இரவு பத்துக்குப் போட்டது இரண்டு, மூன்று மணிக்குத் தீர்ந்தபோது நான் நின்ற இடம் நாலாவது மலைக்கு மேலே. மழையும் அப்போதுதான் பிடித்தது. நனைந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது, காற்று அடித்தது, பல் கிட்டித்தது. ஆனாலும் நடந்தேன். இன்னும் இரண்டரை மலைதானே என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

வழியில் தார்ப்பாய் கட்டி ஒருவர் சுக்கு காபி விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினேன். காசு எடுக்க இடுப்புப் பையைத் திறக்கப் பார்த்தால் ஜிப்பின் நுனி விரலுக்குள் நிற்கவே இல்லை. இரண்டு முறை, மூன்று முறை. எப்படியோ திறந்து பத்து ரூபாய் நாணயத்தைத் தேடினால், கை பைக்குள் இருப்பது தெரிகிறது, நாணயம் தட்டுப்படுவது தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்ததும் சேற்றில் விழுந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கடைக்காரர் என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். "காசை விடுங்க சாமி, மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டுங்க" என்றார். தன்னுடைய சாக்கின் மேல் உட்கார வைத்து, தலையைத் துவட்டி, கம்பளி ஒன்றைச் சுற்றிவிட்டார். மச்சானைப் பார்த்து, "இவரைக் கூட்டிட்டு எறங்குங்க, மேல போகக்கூடாது" என்று சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நாக்குக் குழறச் சொன்னேனாம். சொன்னது எனக்கு நினைவில் இல்லை. மச்சான் சொல்லித்தான் தெரியும்.

உடம்பு முடியாதவன், அதுவும் நனைந்து குளிரில் நடுங்குகிறவன், மேலே போகலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கக் கூடாது. அவனால் முடியாது. அந்த நேரத்தில் மூளையும் உடம்போடு சேர்ந்துதான் தளர்ந்துபோயிருக்கும்.

கோடை மலையில் அப்படி என்ன குளிர்? ஊட்டியா இது?

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே இரவில் 24 டிகிரி என்றால் மேலே 16, 17 இருக்கும். காய்ந்த உடம்புக்கு அது சுகமான குளிர். நனைந்த உடம்புக்கு அப்படியில்லை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் காற்று அடித்தால், 10, 15 டிகிரியிலேயே உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. பனி பெய்ய வேண்டியதில்லை.

பருத்தி வேட்டி, பனியன், ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் காயாது, சூடும் தராது. நடக்கிறவரை பெரிதாகத் தெரியாது, உடம்பு சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். நின்றால்தான் வினை. விசேஷ நாளில் கூட்டம் தேங்கி, நனைந்த துணியோடு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கும்போதுதான் நிறைய பேருக்கு நடுக்கம் ஆரம்பிக்கும். காய்ச்சல்காரருக்கு இன்னும் சீக்கிரம். மாத்திரை போட்டு வியர்த்திருப்பார், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், எரிக்க உடம்பில் மாவுச்சத்து இருக்காது.

குளிரில் ஒருவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்வது?

நடுக்கம் முதல் அறிகுறி. அதற்கு அடுத்து விரல் வேலை கெடும்: ஜிப், முடிச்சு, செருப்பு வார். அப்புறம் கால் தடுமாறும், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், சிலர் "நீங்க போங்க, நான் இங்கயே கொஞ்சம் படுத்துக்கறேன்" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் அவரைத் தனியே விட்டுப்போகவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, குளிர் அப்படியே இருக்க நடுக்கம் மட்டும் நின்றுபோவது. பார்ப்பவர்கள் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். நடுங்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது: காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணி முழுவதையும் கழற்றுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். துவட்டிவிட்டு, யாரிடம் காய்ந்த துணி இருக்கிறதோ வாங்கி உடுத்துங்கள். தலையை மூடுங்கள். வெறுந்தரையில் உட்கார வைக்காதீர்கள், கீழிருந்தும் குளிர் ஏறும். பை, சாக்கு, செருப்பு எதையாவது போட்டு உட்கார வையுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் முதலில் சூடாக்க வேண்டும், இரண்டு பேர் இரு பக்கமும் ஒட்டி உட்காரலாம். தெளிவாகப் பேசி, விழுங்க முடிகிறவராக இருந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான காபி, தண்ணீர். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கை கால்களைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம், நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டாம், "ஒரு மடக்கு போட்டா சூடாகும்" என்று மது கொடுக்கவே வேண்டாம். மது தோலைத்தான் சூடாக்கும், உள்சூட்டைக் குறைத்துவிடும். நடுக்கம் நின்றுபோனவரை நடத்தாதீர்கள். படுக்க வைத்து, குலுக்காமல் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

ஆண்டி சுனையில் குளிக்காமல் ஏழாவது மலை ஏறலாமா?

ஏறலாம். குளித்துவிட்டு ஏறுவது வழக்கம்தான், நானும் நல்ல உடம்போடு போன வருடங்களில் குளித்திருக்கிறேன். ஐஸ் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரு முழுக்கில் தூக்கமெல்லாம் போய்விடும். ஆனால் உடம்பு சரியில்லாதவருக்கும், மழையில் ஏற்கெனவே நனைந்தவருக்கும், இதய நோய் உள்ளவருக்கும் அது வேண்டாம். திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது மூச்சு ஒரு நொடி நின்று வாங்கும், ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். அதற்குப் பிறகு ஈர வேட்டியோடு, காற்றடிக்கும் ஏழாவது மலையில் வரிசை. தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு போங்கள். பெரியவர்கள் யாரும் இதைத் தப்பென்று சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த இடத்தில் திரும்புவது என்று எப்படி முடிவு செய்வது?

மலையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். பூண்டியிலேயே, உடம்பு காய்ந்திருக்கும்போது, சாப்பிட்டு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நாங்கள் இப்போது செய்வது இதுதான்:

இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவோம். அவருக்கு இவர் பொறுப்பு, இவருக்கு அவர். முதல் மலை முடிவில் ஒரு நிறுத்தம், மூன்றாவது முடிவில் ஒன்று, ஐந்தாவதில் கால் வைப்பதற்கு முன் ஒன்று. நின்ற இடத்தில் ஜோடியாள் மூன்று விஷயம் பார்ப்பார். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கவில்லையா? ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லையா? கட்டை விரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொன்னால் தடுமாறுகிறாரா? ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் அவர் இறங்குகிறார், ஜோடியாளும் கூட இறங்குகிறார். "இல்லை, என்னால் முடியும்" என்ற பேச்சுக்கு இடமில்லை என்று பூண்டியிலேயே கையடித்துச் சொல்லிவிடுவோம். நெஞ்சு வலி, நெஞ்சை அமுக்குகிற மாதிரி பாரம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டல் இருந்தால் நிறுத்தம் வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

மழை பிடித்துவிட்டால் மேலே போவதா திரும்புவதா என்பதை மூன்றாவது மலை நிறுத்தத்திலேயே முடிவு செய்துவிடுவோம். காய்ந்த மாற்றுத்துணி இல்லாதவர் யாரும் அதற்கு மேல் போவதில்லை.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்ததற்குக் காரணம், திரும்புகிறவருக்கு வெட்கம் இல்லை. அவர் முடிவெடுக்கவில்லை, ஏற்பாடு எடுத்தது.

சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

இதய நோய், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏறுவதைத் தவிர்க்கும்படி வனத்துறையே சொல்கிறது. அதையும் மீறி வருபவர் உங்கள் மருத்துவரிடம், "ஆறு மணி நேரம் செங்குத்தாக ஏறப்போகிறேன், அதே அளவு இறங்கப்போகிறேன்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். "கோயிலுக்குப் போகிறேன்" என்று கேட்டால் அவர் போய்வாருங்கள் என்றுதான் சொல்வார்.

சர்க்கரைக்காரருக்கு ஒரு தனி ஆபத்து. சர்க்கரை சட்டென்று இறங்கினால் நடுக்கம், வியர்வை, குழப்பம் வரும். குளிரில் நடுங்குவதும் இதுவும் இருட்டில் ஒரே மாதிரி தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள், கால் மணி நேரத்தில் தெளிவு தெரியும். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை முதுகுப்பையின் அடியில் வைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள். குளிர்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால்தான் இழுப்பு கிளம்பும்.

வயிறு சரியில்லை, இரண்டு முறை போயிற்று. ஏறலாமா?

வேண்டாம். மழையில் தாகம் தெரியாது, வியர்ப்பதும் தெரியாது, ஆனால் நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். வழியிலேயே ஆரம்பித்துவிட்டது என்றால் இறங்குங்கள், ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே இறங்குங்கள். பொட்டலம் இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். உடம்பு வலிக்கிறது என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இந்த நிலையில் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெங்கு காய்ச்சலாக இருந்துவிட்டால் ரத்தக் கசிவுக்கும் வழி செய்யும். தூக்கம் தருகிற சளி மாத்திரை போட்டுவிட்டு இரவில் ஈரப்படியில் ஏறுவதும் வேண்டாம்.

இடி மின்னல் வந்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. புல்வெளிப் பகுதிக்கு ஏறாதீர்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் முகட்டை விட்டுத் தாழ்வான பக்கம் இறங்குங்கள். தனி மரத்தடி, தனிப் பாறை, ஆழமில்லாத குகை வாசல் மூன்றும் ஆபத்து. கூட்டமாக ஒட்டி நிற்காமல் விலகி, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போன பிறகு நகருங்கள்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

முதலில் மூங்கில் தடி, அடிவாரத்திலேயே கிடைக்கும். வழுக்குப்பாறைப் பக்கம் ஈரமாக இருக்கும்போது தடி இல்லாமல் போனால் கால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. குடை உதவாது, காற்றில் மடங்கும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். முழங்கால் வரை வருகிற நல்ல ரெயின்கோட் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறை முதல் மலையிலேயே கிழிந்து காட்டில் குப்பையாகிவிடும். அடிவாரத்தில் பையைச் சோதித்து எடுத்தும் வைத்துவிடுவார்கள்.

ஒரு செட் காய்ந்த துணி, நீர் புகாத பையில், கடைசிவரை பிரிக்காமல். குல்லா. ஸ்வெட்டர் இருந்தால் கம்பளி நூலில் பின்னியது, நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். தலையில் மாட்டுகிற டார்ச், கை காலியாக இருக்கும். வெல்லம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், குளுக்கோஸ். ஓ.ஆர்.எஸ். இரண்டு. செருப்பில்லாமல் ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் தடியை விடவே கூடாது. அட்டை கடித்தால் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட ஒன்றுமில்லை.

ஏறிவிட்டேன். இனி இறங்குவதுதானே, சுலபம்தானே?

ஏழாவது மலையில் நிற்கும்போது பாதி வழிதான் முடிந்திருக்கிறது. இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் தெம்பு இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுவதையும் தொடைத் தசையும் முட்டியும்தான் பிடித்து நிறுத்துகின்றன. தூங்காத இரவு, ஈரப்படி, நடுங்குகிற தொடை. கால் பிசகுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். மழை வலுத்துவிட்டால் படிக்கட்டே ஓடையாகிவிடும், எந்தக் கல் ஆடும் என்று தெரியாது. தடியை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். முட்டியை விறைத்து வைக்காமல் லேசாக மடக்கி இறங்குங்கள். நூறு படிக்கு ஒருமுறை நின்றால்கூட தப்பில்லை.

வேண்டுதல் இருக்கிறது. பாதியில் திரும்பினால் தெய்வக்குற்றம் ஆகாதா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுப்பதில்லை. பிள்ளைக்காக, கடனுக்காக, அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேண்டிக்கொண்டு வருகிறார்கள். என் வருடமும் வேண்டுதல்தான். அன்று இறங்கும்போது அழுதுகொண்டேதான் இறங்கினேன். விடிந்து பூண்டிக்கு வந்து, அடிவாரக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் இருப்பது அதே வெள்ளியங்கிரி ஆண்டவர்தான். ஏற முடியாத முதியவர்களும் கர்ப்பிணிகளும் காலம்காலமாக அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியம்மா அவர்களில் ஒருவர். அவர் கும்பிட்டது சேரவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த வருடம் மாசியில், வானம் காய்ந்திருக்கும்போது ஏறி, வேண்டுதலை முடித்தேன்.

ஒருவருக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

108. ஆனால் ஆம்புலன்ஸ் பூண்டி வரைதான் வரும். மேலேயிருந்து டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் எடுக்காது. அதனால் ஒருவர் நோயாளியோடு இருக்க, இரண்டு பேர் அருகிலுள்ள கடைக்கோ வனத்துறை ஆளிடமோ போய் எத்தனையாவது மலை, பக்கத்தில் என்ன இருக்கிறது, ஆள் பேசுகிறாரா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆள் நினைவில்லாமல், மூச்சு இல்லாமல் கிடந்தால் காத்திருக்கக் கூடாது. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் மாற்றி ஆள்.

இறங்கி வந்த பிறகு காய்ச்சல் அடிக்கிறது. மலைக் களைப்புதானா?

தொடை வலி மூன்று, நான்கு நாள் இருக்கும், அது களைப்பு. ஆனால் சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தில் அடைப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். ஏறுவதற்கு முன்பே காய்ச்சல் இருந்து, வந்த பிறகு நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் என்று இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு வாரம் கழித்து குளிர்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். புண்ணுள்ள காலோடு மழைத்தண்ணீரிலும் சேற்றிலும் நடந்தவர்களுக்கு வரக்கூடியது அது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இந்தத் தேதியில் மலைக்குப் போனேன், மழையில் நனைந்தேன், சுனைத் தண்ணீர் குடித்தேன், காலில் புண் இருந்தது.